காசநோய்க்காக நகையை அடகு வைக்க வேண்டுமா?

கேள்வி: என் கணவர் விசைப்படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். இரண்டு மாத இருமலுக்குத் தனியார் மருத்துவமனைகளில் ஸ்கேன், ஊசி, மருந்து என்று பதினெட்டாயிரம் ரூபாய் கரைந்த பிறகுதான், அரசு மருத்துவமனையில் எடுத்த சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. மதுரையில் பெரிய மருத்துவமனையில் சேர்த்தால்தான் குணமாகும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். நகையை அடகு வைக்கலாமா?
– வாசகி, பாம்பன்

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கான ஆறு மாதச் சிகிச்சையை வீட்டிலிருந்தபடியே பெறலாம். மாத்திரைகளை அரசு இலவசமாகவே தருகிறது. படுக்கையில் கிடத்தி வைத்தால்தான் இந்த நோய் தீரும் என்ற பழைய எண்ணத்தை மாற்றியதே நம் சென்னைதான்: நெரிசலான வீடுகளில் இருந்துகொண்டு மாத்திரை உட்கொண்டவர்களும், சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்ததை அங்கு நடந்த ஆய்வு 1959-இல் வெளியிட்டது.

ஆனால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. மிகவும் மெலிந்து போனவர், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாதவர், கால் வீங்கியவர், மூச்சு வாங்குபவர், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கியவர் ஆகியோரைத் தொடக்கத்திலேயே பிரித்தறிந்து மருத்துவமனையில் சேர்ப்பதற்காகவே, தமிழக அரசு 2022-இல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் கணவரிடம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் தயங்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். அங்கும் படுக்கைக்குக் கட்டணம் இல்லை.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? பெரும்பகுதி, நோய் இன்னதென்று தெரியும் முன்பே போய்விடுகிறது. உங்கள் பதினெட்டாயிரம் அப்படிப் போனதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் முதலில் செய்ய வேண்டியது சளிப் பரிசோதனை. மீதி, கடலுக்குப் போகாத நாட்களின் பங்கிலும் பேருந்துக் கட்டணத்திலும் சாப்பாட்டிலும் போகும். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு இப்படிச் செலவானால், உலக சுகாதார நிறுவனம் அதைப் பேரிழப்பு என்று கணக்கிடுகிறது. சாப்பாட்டுக்காக மத்திய அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய்; வங்கிக் கணக்கு விவரத்தைச் சுகாதாரப் பணியாளரிடம் இன்றே கொடுத்துவிடுங்கள். சிகிச்சையின் கடுமையான முதல் இரண்டு மாதங்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் அமைந்தால் இழப்பு குறையும். நோய்தான் அப்படி நாள் பார்த்து வருவதில்லை.

எனக்குள்ள கவலையெல்லாம் மூன்றாவது மாதத்தைப் பற்றியது. இருமல் நின்று, உடம்பு தேறி, கணவர் மீண்டும் படகேறும்போது மாத்திரை அட்டை கரையிலேயே தங்கிவிடக் கூடாது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும், பிறகு செலவும் அலைச்சலும் பன்மடங்காகும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது மாத்திரையின் நிறம் மட்டுமே. அதற்காக வண்டி பிடிக்க வேண்டாம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் உடன் படகு ஏறுபவர்களையும் இலவசமாகப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். போகும்போது பழைய ஸ்கேன் படங்களைக் கையோடு எடுத்துப் போங்கள். அதே படத்துக்கு இரண்டாம் முறை பணம் கட்ட நேராது.