ஜூரி அறையில் கண்ணை மூடியவர்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். கரூரில் நாங்கள் ஒன்பது பேர் மாதம் ஒரு புத்தகம் படித்துவிட்டுக் கூடிப் பேசுகிறோம். ஆசிரியைகள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள், ஒரு வக்கீல், என்னைப் போல வீட்டில் இருப்பவர்கள் என்று கலவையான கூட்டம். போன மாதம் ஜான் கிரிஷாமின் முதல் நாவலான 'எ டைம் டு கில்' எடுத்தோம். நீங்கள் ஒரு கட்டுரையில் அதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்ததுதான் காரணம்.

பேச்சு சண்டையில் முடிந்தது. நாலு பேர், "ஒரே இழுவை, ஜூரி தேர்வுக்கே அத்தனை பக்கமா, முதல் நாவல் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது" என்றார்கள். வக்கீல் நண்பர், "திட்டம் போட்டு இரண்டு பேரைச் சுட்டவனை விடுதலை செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை, நம் ஊரில் நடக்கவே நடக்காது" என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். ஒரு ஆசிரியை, கறுப்பர்களைத் திட்டும் அந்தச் சொல் ஓயாமல் வருகிறது என்று பாதியில் மூடிவைத்துவிட்டார். என் பிரச்சினை வேறு. தீர்ப்பைப் படித்ததும் அழுதேன். காலையில் எழுந்ததும் வெட்கமாகிவிட்டது. கொலை செய்தவன் தப்பிக்க வேண்டும் என்று ராத்திரி இரண்டு மணி வரை வேண்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இது நல்ல நாவலா, என்னை ஏமாற்றிய நாவலா? பத்தாவது படிக்கும் என் மகளும் கேட்கிறாள். கொடுக்கலாமா?

அன்புடன்,
க., கரூர்

*

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் கூட்டத்தின் சண்டையைப் படித்து மகிழ்ந்தேன். ஒரு புத்தகத்துக்காக ஒன்பது பேர் கோபப்பட்டிருக்கிறீர்கள் என்றால் அத்தனை பேரும் அதை உண்மையாகப் படித்திருக்கிறீர்கள்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவும் இதில் வரும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கிளாண்டன் என்ற கற்பனை ஊர். டோன்யா என்ற பத்து வயதுக் கறுப்பினச் சிறுமியை இரண்டு வெள்ளையர்கள் சிதைத்துக் குற்றுயிராக விட்டுப் போகிறார்கள். அவர்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுவரும் நாளில், கட்டடத்துக்குள்ளேயே ஒளிந்திருந்து அவளுடைய அப்பா கார்ல் லீ ஹெய்லி இருவரையும் சுட்டுக் கொல்கிறான். காவலுக்கு வந்த லூனி என்ற போலீஸ்காரரின் காலிலும் குண்டு பாய்கிறது. காலை எடுக்க வேண்டியதாகிறது. ஜேக் பிரிகன்ஸ் என்ற இளம் வக்கீல், கார்ல் லீ சித்த சுவாதீனம் இல்லாத நிலையில் செய்தான் என்று வாதாடுகிறான். வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல ஊர் மக்களிலிருந்து எடுக்கும் குழுதான் ஜூரி. அதில் 12 பேர், அத்தனை பேரும் வெள்ளையர். தீர்ப்பு, விடுதலை.

முதலில் 'இழுவை' என்ற புகார். கிரிஷாம் அப்போது சவுத்ஹேவன் என்ற சிற்றூரில் சின்ன வக்கீல். 1984-ல் உள்ளூர் கோர்ட்டில், வன்கொடுமைக்கு ஆளான 12 வயதுச் சிறுமி ஒருத்தி ஜூரிக்கு முன்னால் சாட்சி சொல்வதைக் கேட்டார். இவளைச் சிதைத்தவனை இவள் அப்பா சுட்டுக் கொன்றிருந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு அவரைப் பிடித்துக்கொண்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் எழுதி எழுதி, மூன்று வருடத்தில் முடித்தார். பதிப்பாளர் பலர் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1989-ல் வின்வுட் பிரஸ் என்ற சின்னப் பதிப்பகம் 5,000 பிரதி அச்சிட்டது. அதில் 1,000 பிரதியை அவரே விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார். 1991-ல் வந்த இரண்டாவது நாவல் 'தி ஃபர்ம்' ஓட்டமாக ஓடிய பிறகுதான் முதல் நாவலை உலகம் திரும்பிப் பார்த்தது. பிற்பாடு எழுதிய முன்னுரையில், முதல் நாவல் என்பதால் இது அங்கங்கே அலைபாய்கிறது, ஆனாலும் ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன் என்ற பொருளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆக, உங்கள் நாலு பேர் கண்டுபிடித்ததை ஆசிரியரே ஒப்புக்கொண்டுவிட்டார். ஜேக்கும் அவன் நண்பர்களும் உட்கார்ந்து குடிக்கும் காட்சிகளில் பாதியை வெட்டலாம். வக்கீல்களின் பீற்றலும் கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் ஜூரி தேர்வை மட்டும் வெட்டக்கூடாது. கதையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. ஜூரிக்கு அழைக்கப்பட்டவர்களில் இன்னின்னார் வேண்டாம் என்று காரணமே சொல்லாமல் ஒதுக்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு, குறிப்பிட்ட எண்ணிக்கை வரை. அரசு வக்கீல் பக்லி அதைக் கொண்டு கறுப்பர்களை ஒவ்வொருவராகக் கழிக்கிறான். யாரும் கத்துவதில்லை, மேசையைத் தட்டுவதில்லை. பெயரை வாசிக்கிறார்கள், ஒருவர் எழுந்து போகிறார், அடுத்த பெயர். நாவல் நடப்பது 1985-ல். நிற வேற்றுமை காட்டி இப்படி நீக்கக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பேட்சன் வழக்கில் சொன்னது 1986-ல். அதோடு தீர்ந்ததா? அதே மிசிசிப்பியில், 1996-ல் நடந்த ஒரு நால்வர் கொலைக்காக கர்டிஸ் ஃப்ளவர்ஸ் என்ற கறுப்பரை ஆறு தடவை விசாரித்தார்கள். அந்த ஆறு விசாரணையிலும் சேர்த்து, ஒதுக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பின ஜூரர்களில் 41 பேரை அரசுத் தரப்பு ஒதுக்கியது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் கணக்குச் சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. உங்கள் நண்பர்களுக்கு அலுப்பூட்டிய பக்கங்களில் நடப்பது இதுதான். மனிதர்களை அலுங்காமல் குலுங்காமல் கழித்துக்கட்டும் வேலைக்குச் சத்தம் இருக்காது. அந்த அலுப்பை உட்கார்ந்து பார்த்த ஒருவர்தான் அதை எழுத முடியும்.

வக்கீல் நண்பருக்கு வருகிறேன். சட்டப்படி அவர் சொல்வது முழுக்கச் சரி. ஜேக் எடுக்கும் வாதத்தின் வேர் 1843-ல் இங்கிலாந்தில் உருவான மெக்நாட்டன் விதி. நம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும் (இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 22) அதே வேரிலிருந்து வந்ததுதான். அதன்படி தப்பிக்க, குற்றம் செய்தவன் தான் செய்வது என்ன, அது தவறு என்று தெரியாத நிலையில் இருந்திருக்க வேண்டும். கார்ல் லீக்கு நன்றாகத் தெரியும். துப்பாக்கி தேடிப் பிடித்து, மறைவிடம் பார்த்துவைத்து, காத்திருந்து சுட்டான். 'திடீர்க் கோபம்' என்ற விலக்கும் பொருந்தாது. மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1961-ல் சொன்னது அதைத்தான். பிற்பகல் 1.30-க்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர் 4.20-க்குச் சுட்டார், மனம் ஆற அந்த நேரம் போதும் என்றது. அதற்கு முன் பம்பாய் ஜூரி 8-க்கு 1 என்று அவரைக் குற்றமற்றவர் என்றதும், நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியதும் நண்பருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே நம் ஊரில் 'நடக்கவே நடக்காது' என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஜூரி இருந்த காலத்தில் ஏறத்தாழ நடந்துவிட்டது. அந்த ஒரு வழக்கால்தான் ஜூரி ஒழிந்தது என்பார்கள், அது மிகை. 1958-லேயே சட்ட ஆணையம் ஜூரி வேண்டாம் என்று பரிந்துரைத்துவிட்டது. சென்னையிலும் ஜூரி இருந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1945-ல் பாகவதரையும் கலைவாணரையும் குற்றவாளிகள் என்று சொன்னது ஜூரிதான். இருவரும் விடுதலையாக 1947 வரை ஆனது.

நாவலுக்குள்ளேயே அந்தச் சட்ட வாதம் தோற்றுவிடுகிறது என்பதை நண்பர் கவனித்தாரா? ஜேக் கொண்டுவரும் மனநல மருத்துவரைக் குறுக்கு விசாரணையில் பக்லி கந்தலாக்கிவிடுகிறான். அதற்கு மாறாக, ஒற்றைக் காலோடு சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து, தனக்கும் ஒரு பெண் உண்டு, தானும் இதையே செய்திருப்பேன் என்று லூனி சொல்வதுதான் அறையையே உலுக்குகிறது. அது சட்டமே இல்லை. ஜூரி விடுதலை செய்தது சட்டத்தைக் கேட்டு அல்ல என்பதை கிரிஷாம் மறைக்கவில்லை.

ஆசிரியை மூடிவைத்தது அவர் உரிமை. அந்த ஊரில் அந்தக் காலத்தில் அப்படித்தான் பேசினார்கள் என்பது உண்மை. ஆனாலும் நல்லவர்களாகக் காட்டப்படும் வெள்ளையர் வாயிலும் அது சாதாரணமாக வந்து விழும்போது எனக்கும் குமட்டியது.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தச் சிறுமி எங்கே போனாள்?

எழுதத் தூண்டியதே ஒரு சிறுமியின் சாட்சியம். ஆனால் நாவலில் அப்பா அந்த இருவரையும் கொன்றுவிட்டதால் அவர்கள் மீதான வழக்கு நடக்கவே இல்லை, அவள் கூண்டில் ஏறவே வேண்டியதில்லை. தொடக்கப் பக்கங்களில் அவளுடைய வலியும் அப்பாவைத் தேடும் மனமும் இருக்கின்றன. அதற்குப் பிறகு அத்தனை பக்கமும் ஆண்கள் பேசுகிறார்கள். அவள் பெயரைச் சொல்லி வக்கீலும் வக்கீலும் மோதுகிறார்கள். அவள் என்ன நினைத்தாள், அப்பா ஜெயிலுக்குப் போனது தன்னால்தான் என்று எண்ணி ராத்திரி அழுதாளா, தெரியாது.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்கிறேன். என் இருபதுகளின் தொடக்கத்தில் தெற்கே ஒரு மாவட்ட கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் சீனியர் ஒரு வழக்கில் எதிரி தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனின் வக்கீல். அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, பதினோரு வயதுப் பெண். இப்படிப்பட்ட வழக்குகளை மூடிய அறையில்தான் நடத்த வேண்டும் என்று 1983-லேயே சட்டம் வந்துவிட்டது. வழக்குக் கட்டை மேசையில் வைத்துவிட்டு நான் வெளியே வந்தேன். கோர்ட் டவாலி (சேவகர்) கதவைச் சாத்தினார். வராந்தாவில் அந்தப் பெண்ணின் செருப்பு கிடந்தது. கோர்ட்டுக்குள் செருப்போடு போகக்கூடாது என்று வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல, சுவரோரம் ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தாள். உள்ளே டைப்ரைட்டர் சத்தம் மட்டும் கேட்டது. அவள் குரல் கேட்கவே இல்லை.

சில நாள் கழித்து அந்த வாக்குமூலத்தின் நகலை நான்தான் கையால் எழுதினேன். கடைசி வரி, எல்லாக் குறுக்கு விசாரணையிலும் வருகிற அதே வரி: 'நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல.' பதினோரு வயதுப் பிள்ளை இப்படியா பேசியிருக்கும்? "இல்ல" என்று சொல்லியிருப்பாள், அல்லது தலையை மட்டும் ஆட்டியிருப்பாள். அவளுடைய 'இல்ல' காகிதத்துக்கு வந்தபோது வேறு யாருடைய தமிழாகவோ ஆகியிருந்தது. அந்த வரியை எழுதிவிட்டு நான் எழுந்து போய் முகம் கழுவினேன். இன்று போக்சோ சட்டத்தில், சாட்சி சொல்லும் குழந்தையின் கண்ணில் எதிரி படக்கூடாது என்று விதி இருக்கிறது. அன்று அது இல்லை.

அதனால் கோர்ட் நாவல் எது கையில் கிடைத்தாலும் முதலில் நான் அ.சா.1-ஐத்தான் தேடுகிறேன். கிரிஷாமுக்கு அந்தக் குரல் காதில் விழுந்திருக்கிறது. விழுந்தும் அதை எழுதாமல் அப்பாவின் துப்பாக்கியை எழுதினார். முதல் நாவலின் உண்மையான குறை என்று நான் சொல்வது இதை. வேகம் கூடக் குறைய இருப்பதை எந்த எடிட்டரும் சரிசெய்துவிடுவார்.

அடுத்தது முடிவு. கண்ணை மூடச் சொல்லி வக்கீல் பேசும் இறுதி வாதம் 1996-ல் வந்த படத்தில் இருப்பது. நாவலில் அதைச் செய்வது ஜூரி அறைக்குள் ஒரு பெண். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, அந்தச் சிறுமியை ஒரு வெள்ளைக்காரக் குழந்தையாக நினைத்துப் பார்க்கச் சொல்கிறாள். அதற்குப் பிறகுதான் மனம் இளகுகிறது. இந்த இடத்தில் நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். டோன்யா டோன்யாவாக இருந்தபோது அந்த 12 பேருக்கு அவள் வலி எட்டவில்லை. அவள் தோலை மாற்றிய பிறகு எட்டியது. "உங்க வீட்டுப் பொண்ணா நினைச்சுப் பாருங்க" என்று நாமும் சொல்கிறோம், நல்ல மனதோடுதான் சொல்கிறோம். சேரியில் ஒரு பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் அவளை நம் தெருப் பெண்ணாக மாற்றிக்கொண்டால்தான் நமக்குப் பதறுகிறது. கிரிஷாம் இதைக் கண்டனமாக எழுதினாரா, வெற்றியாக எழுதினாரா என்று கேட்டால், வெற்றியாகத்தான் எழுதியிருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. ஆனால் பார்த்ததை நேர்மையாக எழுதியதால் நாம் வேறு விதமாகவும் படிக்க முடிகிறது.

உங்கள் அழுகைக்கும் வெட்கத்துக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. ராத்திரி நீங்கள் 13-வது ஜூரராக அந்த அறையில் உட்கார்ந்திருந்தீர்கள். காலையில் மேல்முறையீட்டு நீதிபதியாகிவிட்டீர்கள். இரண்டும் நீங்கள்தான். நாவல் உங்களை ஏமாற்றவில்லை. ஏமாந்திருந்தால் காலையில் பல் விளக்கும்போது மறந்துபோயிருக்கும். கார்ல் லீ ஒரு வெள்ளைக்காரனாகவும் செத்த இருவரும் கறுப்பர்களாகவும் இருந்திருந்தால் வழக்கே நடந்திருக்குமா என்ற கேள்வியையும் அந்த வெட்கத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த விடுதலை வேண்டியிருந்தது. அது சரியான தீர்ப்பு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இந்த நாவலை மூன்று தடவை படித்திருக்கிறேன்.

மகளுக்கு இப்போது வேண்டாம். முதல் அத்தியாயம் கொடூரமானது, தனியாக அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய வயது அவளுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் கேட்டவளிடம் புத்தகத்தைப் பிடுங்கி அலமாரியில் பூட்டாதீர்கள். கதையை நீங்களே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, டோன்யா கோர்ட்டில் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்வதை முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.