ஸ்கூல் முடிஞ்சுது, இனிமே கேக்க வேண்டியது யாரு?

வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல முக்காவாசி ஒரே விஷயத்தைத்தான் சுத்திச்சு. வாசிக்கறதுலயோ (டிஸ்லெக்ஸியா) எழுதறதுலயோ கணக்குலயோ (டிஸ்கால்குலியா) கவனத்துலயோ (ஏடிஹெச்டி) சிரமம் இருக்கற பிள்ளைங்க காலேஜ் போனா எப்படி சமாளிக்கும்னு. அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு.

கேள்வி: மேடம், என் பையனுக்கு டிஸ்லெக்ஸியா, கூடவே ஏடிஹெச்டியும் இருக்கு. சின்ன வயசுலேர்ந்து பாடம் பூரா நான்தான் வாசிச்சு காட்டுவேன், பேக் அடுக்கறது, எழுப்பி விடறது, டீச்சர்கிட்ட போய் பேசறது எல்லாமே நான்தான். நல்ல மார்க்கும் வாங்கிட்டான். இப்ப ஹாஸ்டல்ல தங்கி படிக்கப் போறான், இன்னும் சில மாசம்தான் இருக்கு. முதல் வருஷ பாடத்துக்கு இப்பவே கோச்சிங் சேத்து விடலாமா?

பதில்: வேண்டாம்மா. பாடத்துல அவனுக்கு பெருசா பிரச்சனை வராது, நீங்க எழுதியிருக்கற அந்த "நான்தான்" இருக்கு பாருங்க, அங்கதான் சிக்கல். நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல வரல, அந்த வயசுல யாராவது செஞ்சுதான் ஆகணும். ஆனா வேலைய ஆரம்பிக்கறது, எதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு கணிக்கறது, மறக்காம முடிச்சு குடுக்கறது, இந்த திட்டமிடற திறமை இருக்கே, ஏடிஹெச்டி இருக்கறவங்களுக்கு இது மத்தவங்களவிட லேட்டாத்தான் கைக்கு வரும், அத இத்தன வருஷமா அவனுக்காக நீங்க பண்ணிட்டு இருந்தீங்க. ஹாஸ்டல்ல அது திடீர்னு இருக்காது.

இன்னொரு விஷயம். ஸ்கூல்ல பிள்ளை தடுமாறினா டீச்சர் பாத்து உங்கள கூப்பிடுவாங்க, காலேஜ்ல பெரும்பாலும் யாரும் தேடி வரமாட்டாங்க. அமெரிக்கால சட்டமே அப்படித்தான் பிரிச்சு வெச்சிருக்கு, சிரமம் இருக்கற பிள்ளைய கண்டுபிடிச்சு ஏற்பாடு பண்றது ஸ்கூலோட கடமை, காலேஜ்ல மாணவரே முன்வந்து ரிப்போர்ட்ட காட்டி கேட்டாத்தான் உண்டு. மத்த பல இடத்துலயும் நடைமுறை கிட்டத்தட்ட இதேதான். 18 வயசு தாண்டிட்டா காலேஜ் ஆபீஸ்ல அவன்கிட்டதான் பேசுவாங்க, நீங்க போன் பண்ணா "அவர பேச சொல்லுங்க"ன்னு வெச்சுடுவாங்க.

அதனால இந்த சில மாசத்துல ஒவ்வொண்ணா கைமாத்தி விடுங்க. முதல்ல எழுந்திருக்கறது, அலாரம் வெச்சு அவனே எழுந்துக்கட்டும், லேட் ஆனா ஆகட்டும், வீட்ல லேட் ஆனா ஒரு திட்டோட போயிடும், அங்க லேட் ஆனா அட்டெண்டன்ஸ் போயிடும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட்ட அவனே போன் பண்ணி வாங்கட்டும். ஏடிஹெச்டிக்கு மாத்திரை எடுத்துக்கறான்னா புது ஊர்ல ப்ரிஸ்க்ரிப்ஷன யார் எழுதித் தருவாங்கன்னு கெளம்பறதுக்கு முன்னாடியே முடிவாகணும், செமஸ்டர் நடுவுல மாத்திரை தீர்ந்து போய் முழிக்கற பிள்ளைங்க நெறைய. அத ஃப்ரெண்ட்ஸ் யாராவது "பரீட்சைக்கு ஒண்ணு குடுடா"ன்னு கேப்பாங்க, குடுக்கவே கூடாதுன்னு இப்பவே சொல்லி வைங்க, அது மத்தவங்களுக்கு ஆபத்து, பல நாட்டுல குற்றமும்கூட.

நீங்க வாசிச்சு காட்டற எடத்துக்கு போன் வரணும். ஐபோன்ல ஸ்பீக் ஸ்க்ரீன், ஆண்ட்ராய்டுல செலக்ட் டு ஸ்பீக், வேர்ட்ல இம்மர்சிவ் ரீடர், எல்லாம் சும்மாவே கெடைக்குது. ஆனா காதால கேட்டு படிக்கறது ஒரு பழக்கம், முதல் நாள் மெஷின் குரல் எரிச்சலாத்தான் இருக்கும், காலேஜ் போய் ஆரம்பிச்சா ரெண்டு நாள்ல விட்டுடுவான். இப்பவே தினமும் கொஞ்ச நேரம் பழகட்டும். ஸ்கேன் பண்ண பிடிஎஃப்னா அது வெறும் படம்தான், போன் நேரா வாசிக்காது, ஓசிஆர் பண்ணி எழுத்தா மாத்தணும், லெக்சரருங்க குடுக்கறதுல பாதி இந்த மாதிரிதான் இருக்கும், சொல்லிட்டேன்.

கடைசியா, அவனுக்கு என்ன சிரமம்னு டெஸ்ட் பண்ணி எழுதித் தந்த அந்த அசெஸ்மென்ட் ரிப்போர்ட். எப்ப எடுத்தது? மூணாங்கிளாஸ்ல எடுத்ததுன்னா பல காலேஜ் ஒத்துக்காது, புதுசு கேப்பாங்க. சின்ன பிள்ளைங்களுக்கு போடற விஸ்க்ங்கற அறிவுத்திறன் டெஸ்ட் 16 வயசோட முடிஞ்சுடுது, அதுக்கு மேல பெரியவங்களுக்கான வெய்ஸ் போடுவாங்க. புது ரிப்போர்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் கெடைக்கவே நாளாகும், இன்னைக்கே கேளுங்க. வந்ததும் அவன்கிட்ட குடுத்து படிக்க சொல்லுங்க, பல பிள்ளைங்க தன் ரிப்போர்ட்ட கண்ணால பாத்ததே இல்ல, ஃபைல் அம்மா பீரோலயே இருக்கும். படிச்சுட்டு எது கஷ்டம், எது உதவும், என்ன வேணும், இத ஒரு நிமிஷத்துல அவன் வாயால சொல்லணும். உங்ககிட்ட இல்ல, ஒரு மாமாகிட்டயோ பழைய டீச்சர்கிட்டயோ சொல்லி பழகட்டும், நீங்க பக்கத்துல இருந்தா நீங்களே முடிச்சு வெச்சுடுவீங்க.

கேள்வி: அக்கா, எனக்கு டிஸ்லெக்ஸியா. ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும், கிண்டலும் நெறைய கேட்டாச்சு. காலேஜ்ல யாருக்கும் தெரியாம புதுசா ஆரம்பிக்கணும்னு ஆசை. சொல்லணுமா?

பதில்: தம்பி, ஆபீஸ்ல சொல்றதும் கிளாஸ்ல சொல்றதும் வேற வேற. கிளாஸ்ல, ரூம்மேட்கிட்ட சொல்லணும்னு எந்த கட்டாயமும் இல்ல, மனசு ஒத்துக்கறப்போ ஒரு ஆள்கிட்ட சொல்லிக்கோ, இல்ல சொல்லாமயே இரு.

ஆபீஸ்ல மட்டும் சேர்ந்த முதல் வாரமே சொல்லிடு. ஏன்னா எக்ஸ்ட்ரா டைம், நீ சொல்ல சொல்ல எழுதற ஸ்க்ரைப், தனி ரூம், லேப்டாப்ல எழுதற அனுமதி இதெல்லாம் விண்ணப்பிச்ச நாள்லேர்ந்துதான் வரும், பெயிலான பேப்பருக்கு பின்னாடி போய் சரிபண்ணி தரமாட்டாங்க பொதுவா. வாங்கி வெச்சுட்டு பயன்படுத்தாம இருக்கறது உன் இஷ்டம். இது யாரும் போடற பிச்சையும் இல்ல, இந்தியாவுல 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே கற்றல் குறைபாடு பட்டியல்ல இருக்கு, பிரிட்டன்ல 2010 சமத்துவச் சட்டம் இருக்கு. நேரம் எவ்ளோங்கறது இடத்துக்கு இடம் மாறும், 25 சதவீதம் குடுக்கறவங்க உண்டு, 50 சதவீதம் குடுக்கறவங்களும் உண்டு.

லெக்சரர்கிட்ட பேசறப்போ கதை எல்லாம் வேண்டாம். "சார், எனக்கு டிஸ்லெக்ஸியா இருக்கு, வாசிக்க மத்தவங்களவிட நேரம் ஆகும், புரிஞ்சுக்கறதுல பிரச்சனை இல்ல, பிபிடிய முந்தின நாளே அனுப்ப முடிஞ்சா நான் போன்ல வாசிக்க வெச்சு கேட்டுட்டு வந்துடுவேன்." இவ்ளோதான். கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் சூழ்ந்து நிக்கறப்போ கேக்காத, அவர் ரூம்ல போய் கேளு, அப்பறம் அதையே ஒரு மெயில்ல போட்டு வை, அவர் மறந்துட்டா உன்கிட்ட எழுத்துல இருக்கும்.

கேள்வி: டிஸ்லெக்ஸியாவுக்குன்னு தனி ஃபான்ட் இருக்காமே, எழுத்து மேல வெச்சு வாசிக்கற கலர் ஷீட்டும் இருக்காமே, என் பொண்ணு வேற விஷுவல் லேர்னர், அதாவது கண்ணால பாத்து கத்துக்கறவன்னு ஒரு டெஸ்ட்ல வந்துச்சு. எத வாங்கலாம்?

பதில்: மூணுக்கும் பணம் செலவு பண்ணாதீங்க. தனி ஃபான்ட்டால வாசிப்பு கூடுதுன்னு ஆய்வுங்கள்ல உறுதியா வரல, கலர் ஷீட்டும் அப்படித்தான். எழுத்துக்கு நடுவுல இடைவெளி கூட விட்டா உதவுதுன்னு 2012ல இத்தாலி, பிரான்ஸ் பிள்ளைங்கள வெச்சு பண்ண ஆய்வுல வந்துச்சு, அத எந்த ஃபைல்லயும் சும்மாவே மாத்திக்கலாம். விஷுவல் லேர்னர், ஆடிட்டரி லேர்னர்னு பிரிச்சு சொல்லிக்குடுத்தா நல்லா படிப்பாங்கங்கறதுக்கு சரியான ஆதாரமே இல்லன்னு 2008லயே ஆராய்ச்சியாளருங்க அலசி சொல்லிட்டாங்க, இன்னும் அந்த டெஸ்ட்ட வித்துட்டுதான் இருக்காங்க.

நிஜமா வேலை செய்யறது புத்தகத்த மூடி வெச்சுட்டு ஞாபகத்துலேர்ந்து சொல்லி பாக்கறது. 2006ல காலேஜ் பிள்ளைங்கள வெச்சு ஒரு சோதனை, திரும்பத் திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ ஜெயிச்சாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ தனக்குத்தானே பரீட்சை வெச்சுக்கிட்டவங்கதான் முன்னாடி நின்னாங்க. வாசிக்கவே சிரமப்படற பொண்ணுக்கு மறுபடி மறுபடி வாசிக்கறத கொறைக்கற வழி இன்னும் லாபம். எழுதி பாக்கணும்னுகூட இல்ல, வாயால சொல்லி ரெகார்ட் பண்ணட்டும்.

கேள்வி: பொண்ணுக்கு டிஸ்கால்குலியா. கணக்கே இல்லாத கோர்ஸா பாத்து சைக்காலஜி எடுத்திருக்கோம். சரிதானே சார்னு வீட்டுக்காரர் கேக்க சொன்னார்.

பதில்: சார் இல்லம்மா, மேடம். சைக்காலஜில ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கு! கோர்ஸ் பேர வெச்சு முடிவு பண்ணாதீங்க, மூணு வருஷ சிலபஸையும் செமஸ்டர் வாரியா எடுத்து உக்காந்து பாருங்க. சோஷியாலஜி, ஜியாக்ரஃபி, பிசினஸ் கோர்ஸ்ங்க இதுலயும் எங்கயாவது எண் ஒளிஞ்சிருக்கும். அதுக்காக கோர்ஸ மாத்துங்கன்னு சொல்லல, அவளுக்கு சைக்காலஜி புடிச்சிருந்தா அதுவேதான். ஸ்டாட்ஸ் எந்த செமஸ்டர்ல வருது, கால்குலேட்டர், ஃபார்முலா ஷீட் அனுமதிப்பாங்களா, கணக்க சாஃப்ட்வேர்ல போட விடுவாங்களான்னு சேரும்போதே கேளுங்க, அந்த செமஸ்டர்ல வேற கனமான பேப்பர் எடுக்காம பாத்துக்கட்டும். அப்பறம் மாசக் காசு! பேப்பர விட அதுதான் பல பேர கவுக்குது, வார பட்ஜெட்டா பிரிச்சு, செலவ ஆப்ல தானா காட்டற மாதிரி வெச்சுக்குடுங்க.

கேள்வி: நான் காலேஜ்ல பாடம் எடுக்கறேன். ஒரு மாணவருக்கு மட்டும் கூடுதல் நேரம் குடுத்தா மத்தவங்களுக்கு அநியாயம் இல்லையா?

பதில்: உங்க பேப்பர் எத அளக்குதுன்னு முதல்ல கேட்டுக்கோங்க சார். வரலாறு தெரியுமான்னு அளக்குதா, எவ்ளோ வேகமா எழுதறாங்கன்னு அளக்குதா? ஆனா உங்க சந்தேகத்துலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, நேரம் பத்தாத பேப்பர்னா கூடுதல் நேரம் யாருக்கு குடுத்தாலும் மார்க் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அப்ப எல்லாருக்கும் நேரம் பத்தற மாதிரி பேப்பர் செட் பண்ணுங்களேன், பாதி பஞ்சாயத்து அங்கயே தீர்ந்துடும். கெடு தேதிய வாயால மட்டும் சொல்லாம எழுத்துல போடுங்க, முன்னறிவிப்பு இல்லாம யாரையும் எழுப்பி சத்தமா வாசிக்க சொல்லாதீங்க. ஹால்ல நின்னுக்கிட்டு "எக்ஸ்ட்ரா டைம் யாரு, கைய தூக்கு"ன்னு கேக்கறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அது மட்டும் வேண்டாம்.

கேள்வி: அக்கா, முதல் செமஸ்டர்ல ரெண்டு அரியர். பாடம் புரியுது, அசைன்மென்ட்ட ஆரம்பிக்கவே முடியல, கடைசி நாள் வரைக்கும் போயிடுது. சின்ன வயசுல ஏடிஹெச்டின்னாங்க, வளந்தா சரியாயிடும்னு விட்டுட்டாங்க. இது சோம்பேறித்தனமா?

பதில்: இல்லடா தங்கம். பல பேருக்கு பெரியவங்க ஆனப்பறமும் அது கூடவேதான் வரும், ஓட்டம் சாட்டம் கொறைஞ்சு உள்ள தள்ளிப்போடறதா மாறிடும். மனநல டாக்டருங்க பயன்படுத்தற 2013 டிஎஸ்எம் கையேட்டுலயே 17 வயசு ஆனவங்களுக்கும் அதுக்கு மேல இருக்கறவங்களுக்கும் ஆறு அறிகுறி வேண்டாம், அஞ்சு போதும்னு போட்டிருக்கு. ஒரு சைக்கியாட்ரிஸ்ட்ட போய் பாரு, பழைய ரிப்போர்ட் இருந்தா எடுத்துட்டு போ.

அதுவரைக்கும் ஒண்ணு பண்ணு. அசைன்மென்ட் குடுத்த அன்னைக்கே பத்து நிமிஷம், தலைப்ப டைப் பண்ணி ரெண்டு வரி தப்பா எழுதினாகூட போதும், ஃபைல் ஒண்ணு தொறந்திருக்கணும். தனியா ரூம்ல உக்காராத, லைப்ரரில ஒரு ஃப்ரெண்ட் பக்கத்துல உக்காந்து அவன் வேலைய அவன் பாக்கட்டும், நீ உன்னுத பாரு, பேசிக்கக்கூட வேண்டாம், ஏடிஹெச்டி இருக்கற நெறைய பேர் இதுலதான் வேலைய ஓட்டறாங்க. கெடு தேதிக்கு மூணு நாள் முன்னாடி ஒரு பொய் கெடு போட்டு அத அந்த ஃப்ரெண்ட்கிட்ட காட்டணும்னு வெச்சுக்கோ. அரியர் ரெண்டையும் ஒரே செமஸ்டர்ல புது பேப்பரோட சேத்து எழுதணுமா, பிரிச்சு எழுத முடியுமான்னு நாளைக்கே ஆபீஸ்ல போய் கேளு, ஃபீஸ் கட்டற கடைசி தேதியையும் கேட்டு போன்ல போட்டுடு.