கலமென்சவ்வில புரதத்தின்ட எந்த முனை உள்ள, எந்த முனை வெளிய? ஆர் தீர்மானிக்கிறது?

மட்டக்களப்பில ஏ/எல் பயோ பிள்ளைகள் என்னட்டக் கனதரம் கேட்ட கேள்வி இது. திசையமைவு எண்டா, மென்சவ்வுக்குக் குறுக்கால நிக்கிற புரதத்தின்ட எந்த முனை எந்தப் பக்கம் நிக்குது எண்டதுதான், வேற ஒண்டுமில்ல.

மென்சவ்வின்ட நடுப்பகுதி எண்ணெய் மாதிரி, அதால புரதத்தக் கட்டுற அலகுகளான அமினோவமிலங்களில தண்ணிய விரும்பாதவை சுமார் 20 தொடர்ந்து வாற துண்டுதான் அங்க தங்கும். ஆனா அது தானாக் குத்திக்கொண்டு போறது குறைவு, பெரும்பாலும் றைபோசோம் புரதத்தக் கட்டிக்கொண்டிருக்கக்குள்ளயே, கலத்துக்குள்ள இருக்கிற மென்சவ்வு வலையான அகமுதலுருச் சிறுவலையில உள்ள ஒரு வாசல் புரதத்துக்குள்ளால நூல் மாதிரிப் போகும், அந்தத் துண்டு வந்ததும் வாசல் பக்கவாட்டில திறந்து அத மென்சவ்வுக்குள்ள விட்டிரும், எனக்கு இதுல ஆகப் பிடிச்ச இடம் இதுதான்.

சரி, திசை? துண்டுக்குக் கிட்ட லைசின், ஆர்ஜினின் எண்ட நேரேற்றமுள்ள அமினோவமிலங்கள் எந்தப் பக்கம் கூடவோ அந்தப் பக்கம் பெரும்பாலும் கலத்துக்கு உள்ளயே நிண்டிரும். 1986ல சுவீடன் விஞ்ஞானி குன்னார் வொன் ஹெய்ன பற்றீரியாப் புரதங்களில இதக் காட்டினார்.

மருதமுனைச் சாரன மூட்டக்குள்ள நூல் நுனியில முடிச்சுப் போட்டுத்தானே ஊசிய இறக்குறம், முடிச்சு துணிக்கு இந்தப் பக்கமே நிக்கும், மற்ற நுனி அங்கால போகும். நேரேற்றம்தான் அந்த முடிச்சு. கண்ணில வெளிச்சம் பிடிக்கிற றொடொப்சின் இப்பிடி 7 தரம் குறுக்கால தைச்ச மாதிரி இருக்கு.

மென்சவ்வு திரவம் மாதிரி எண்டதால புரதம் அடிக்கடி தலைகீழாப் புரளும் எண்டு கனபேர் நினைக்கிறாங்க, அப்பிடியில்ல, அது பக்கவாட்டில நகரும், நிண்ட இடத்தில சுத்தும், ஆனா தண்ணி விரும்புற முனைகள் எண்ணெய்யத் தாண்டமாட்டாததால சாதாரணமாப் புரளாது.