சுவரோரக் கொந்தளிப்பில் அமுக்கம் ஏறி இறங்குவது வெறும் இரைச்சலா?

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காகக் குழாய்ச் சுவரில் ஓர் அமுக்க உணரி வைத்தீர்கள், கண்டபடி துள்ளும் கோடுதான் வந்தது, இதில் ஒழுங்கான கட்டமைப்பு எங்கே என்று கேட்கிறீர்கள். கட்டமைப்பு இருக்கிறது, ஆனால் ஒற்றை உணரியில் அது பிடிபடாது.

50 மில்லிமீட்டர் குழாய், சராசரி வேகம் செக்கனுக்கு 1 மீட்டர், கொழும்பில் தண்ணீர் 28 பாகை என்று வைத்துக் கணக்குப் போடுவோம். சுவரை ஒட்டி 0.1 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பில் பாகுத்தன்மை ஆளும் படை. அதிலும் அதற்குச் சற்று மேலேயும் மெதுவான, வேகமான கீற்றுகள் மாறி மாறி ஓடுகின்றன (ஸ்டான்ஃபோர்டில் கிளைன் குழுவினர் ஐதரசன் குமிழிகளை விட்டு 1967இல் தெளிவாகக் காட்டியது இதைத்தான்), மெதுவான கீற்றுகளுக்கு இடையே சராசரி இடைவெளி 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கீற்றுகளை ஒட்டி நீளும் சுழிகள் ஒரு பக்கம் மெதுவான நீரைத் தூக்கி எறியும், மறுபக்கம் வேகமான நீரைச் சுவரில் அடிக்கும். சுழியின் நடுவில் அமுக்கம் விழும், வேகமான நீர் மெதுவானதை முட்டும் இடத்தில் ஏறும்.

சரி, பிறகு ஏன் கோடு அப்படி? அமுக்கம் பாய்சன் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டது, அதாவது ஓரிடத்து அமுக்கத்தை முழுப் பாய்ச்சலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஒரு புள்ளியில் நீங்கள் அளப்பது அந்த இடத்துச் சுழியை மட்டுமல்ல, தூரத்தில் உருளும் பெரிய சுழிகளையும் சேர்த்துத்தான், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கலந்துவிடுகிறது.

அப்புறம் உணரியின் அளவு. இந்தக் குழாயில் நுண்ணிய சுழிகள் தெரிய 0.3 மில்லிமீட்டர் விட்டம் வேண்டும். 5 மில்லிமீட்டர் முகமுள்ள உணரி இரண்டு மூன்று கீற்றுகளைச் சேர்த்துச் சராசரியாக்கிவிடும். சுவரில் ஊசித் துளை போட்டு உணரியைப் பின்னால் வையுங்கள், ஆனால் துளைக்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் அளவீடு கெட்டுப்போகும், அதைப் பொறுமையாக வெளியேற்றியே ஆகவேண்டும்.

இன்னொன்று, நீங்கள் தேடும் ஏற்ற இறக்கம் வெறும் 7 பாஸ்கல் அளவுதான், ஒரு மில்லிமீட்டர் நீர் உயரத்துக்கும் குறைவு. தண்ணீர் மோட்டர் ஓடினால் அதன் அதிர்வே இதை விழுங்கிவிடும். மோட்டரை நிறுத்தி மேல் தாங்கியிலிருந்து ஓடவிடுங்கள்.

பாய்ச்சல் திசையில் 10 மில்லிமீட்டர் தள்ளி இரண்டாவது உணரியையும் வைத்து இரண்டு கோடுகளையும் ஒப்பிடுங்கள். சுழிகளின் தடம் குழாயின் நடுவில் ஓடும் நீரின் வேகத்தில் (அது சராசரி வேகத்தைவிடக் கூடியது) 60 முதல் 80 வீதத்தில் நகர்வதால் சுமார் 12 மில்லிசெக்கன் பிந்தி வரும். இரண்டிலும் ஒரே நேரத்தில் தெரிவது குழாய்வழி வந்த ஒலி, அதைக் கழித்துவிடலாம்.