பல பண்பாட்டு வகுப்பறையில் குடிமைக் கல்வி: கேள்வி பதில்

கேள்வி: ஆண்டுதோறும் பண்பாட்டு விழா நடத்துகிறோம். குடிமைக் கல்விக்கு அது போதாதா?

போதாது. விழா நடத்துங்கள், தவறில்லை. ஆனால் உடை, உணவு, நடனம் என்று காட்சியோடு நிறுத்திவிட்டால், 'அவர்கள் வேறு, நாம் வேறு' என்பதுதான் பிள்ளைகள் மனதில் பதியும். யாருக்கு என்ன உரிமை, முடிவை எடுப்பது யார், ஏற்க முடியாத முடிவை எப்படி எதிர்ப்பது என்பவை பாடத்தில் வர வேண்டும்.

கேள்வி: சர்ச்சையான விஷயங்களை வகுப்பில் தொடவே கூடாது என்கிறார் எங்கள் தலைமையாசிரியர்.

அவருடைய அச்சம் புரிகிறது, முடிவுதான் தவறு. மேற்கு ஜெர்மனியில் பாய்ட்டல்ஸ்பாக் என்ற ஊரில் 1976இல் கல்வியாளர்கள் கூடிப் பேசியதிலிருந்து மூன்று கொள்கைகள் உருவாயின. ஆசிரியர் தன் கருத்தை மாணவர்மேல் திணிக்கக் கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே பேசப்பட வேண்டும். மாணவர் தன் நலன் எது என்று தானே ஆராய்ந்து, அதற்காகச் செயல்படும் திறன் பெற வேண்டும்.

இதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன். ஒரு சமூகத்தார் மற்றவர்களுக்குச் சமமான மனிதர்களா என்பது விவாதத் தலைப்பே அல்ல. அந்தச் சமூகத்துப் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி: ஒரு மதத்தைப் பற்றிப் பேசும்போது அந்த மத மாணவரையே விளக்கச் சொல்லலாமா?

வேண்டாம். ஒரு சமூகத்தையே ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். தானாகப் பேச முன்வந்தால் கேளுங்கள்.

கேள்வி: உணவுத் திருவிழா நடத்தலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மத நம்பிக்கை காரணமாக தேசிய கீதம் பாட மறுக்கும் மாணவரை என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. திரும்பச் சேர்க்கும்படி 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1940இல் கொடி வணக்கத்தைக் கட்டாயப்படுத்தலாம் என்றது. 1943இல், இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோதே, அதை மாற்றிக்கொண்டது.

மறுப்பு: ஆளுக்கொரு விலக்கு கொடுத்தால் பொதுவாக என்னதான் மிஞ்சும்?

நியாயமான கேள்வி. சடங்கிலிருந்து விலகுவது வேறு, அறிவிலிருந்து விலகுவது வேறு. பாடாமல் நின்ற பிள்ளைகள் எந்தப் பாடத்தையும் இழக்கவில்லை.

மீண்டும் மறுப்பு: பெற்றோர் பாடத்திலிருந்தே விலக்குக் கேட்டால்?

சிக்கலே அங்கேதான். 1972இல் அமெரிக்காவில், நவீன வாழ்க்கையிலிருந்து ஒதுங்கி வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்துப் பெற்றோருக்கு, எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளை அனுப்பாமலிருக்க உச்ச நீதிமன்றம் உரிமை தந்தது. பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்க வேண்டாமா என்று நீதிபதி டக்ளஸ் மட்டும் மாறுபட்டு எழுதினார். நான் அவர் பக்கம். பண்பாட்டு உரிமை என்ற பெயரில் பெற்றோரின் குரலை மட்டும் கேட்டால், அந்தப் பண்பாட்டுக்குள்ளேயே மாற்றுக் கருத்துள்ள பிள்ளை காணாமல் போய்விடும். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, பிள்ளையின் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தரச் சொல்கிறது. பள்ளிகள் அதை முதலில் படிக்கட்டும்.

கேள்வி: வேறு நாட்டுக் குடியுரிமைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

என் துறை அல்ல. குடிவரவுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: பாரம்பரிய உடை தினம்...?

மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: காட்சியோடு நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நாளைய வகுப்பை எதிலிருந்து தொடங்கலாம்?

உங்கள் பள்ளி விதி ஒன்றிலிருந்து. சீருடை, விடுமுறை நாட்கள், வகுப்பில் எந்த மொழி பேசலாம் என்பது, எதுவானாலும் சரி. அது யாருக்கு எளிது, யாருக்குக் கடினம் என்று மாணவர்களே விசாரித்து, திருத்தம் எழுதி நிர்வாகத்திடம் கொடுக்கட்டும். நிர்வாகம் காரணத்தோடு எழுத்தில் பதில் தர ஒப்புக்கொள்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.