காந்தப் பொருளின் மேற்பரப்பில் ஓடும் சுழல் அலை என்றால் என்ன?

காந்தப் பொருளுக்குள் அணுக்கள் குட்டிக் காந்தங்கள். ஒன்றைச் சாய்த்தால் பம்பரம்போலத் தலையாட்டும். அதன் புலத்தால் பக்கத்ததும் சற்றுப் பிந்தி ஆடும். வயலில் காற்றடித்தால் கதிர்கள் நின்ற இடத்திலேயே நிற்க, அலை மட்டும் வரப்புவரை போகுமே, அதேபோல ஓடும் இந்தத் தலையாட்டல்தான் சுழல் அலை (spin wave).

1961-இல் டேமன், எஷ்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டிய மேற்பரப்பு வகை கொஞ்சம் விசித்திரமானது. இட்ரியம் இரும்பு கார்னெட் என்ற காந்தப் பொருளின் மெல்லிய படலத்தின் தளத்திலேயே காந்தப்புலம் கொடுத்து, அதற்குக் குறுக்கே அலையை அனுப்பினால், ஆட்டம் உண்டாக்கும் புலங்கள் ஒரு முகத்தில் ஒன்றுசேரும், மறுமுகத்தில் ஒன்றையொன்று அழிக்கும். அதனால் அலை ஒரு முகத்தை ஒட்டியே ஓடி, ஆழத்தில் தேய்கிறது. எதிர்த்திசையில் அனுப்பினால் முகமும் மாறும்! அலையைக் கிளப்பும் உலோகக் கீற்றைப் புலத்துக்கு இணையாக வையுங்கள். குறுக்கே வைத்தால் படலத்தின் தடிமன் முழுக்கப் பரவும் வேறு வகைதான் கிடைக்கும்.

இந்த அலையை மின்னோட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கார்னெட்டோ மின்கடத்தாப் பொருள், நகர்வது தலையாட்டல் மட்டுமே.