சொத்து வரி ஏறிக்கொண்டே போகிறது. உள்ளாட்சிக் கணக்கை ஒரு சாதாரணக் குடியிருப்பாளர் சரிபார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். கணக்கியல் படித்திருக்க வேண்டியதில்லை, கூட்டல் கழித்தலும் கொஞ்சம் பிடிவாதமும் போதும். சில வருடங்களாக நான் இதைச் செய்துகொண்டிருக்கிறேன், வீட்டில் இதற்கு வெட்டி வேலை என்று பெயர். ஆனால் பலர் தொடங்குகிற இடமே சரியில்லை. வரி ரசீதை வைத்துக்கொண்டு வரிவிகிதத்தையே முறைத்துப் பார்ப்பார்கள்.

விகிதம் தனியாக எதையும் சொல்லாது. சொத்து மதிப்பை வைத்து வரி போடும் ஊரில் எல்லார் வீட்டு மதிப்பும் இரட்டிப்பானதாக வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் பாதியாக இறங்கினால்தான் பழைய தொகையையே கட்டுவீர்கள். "விகிதத்தைக் கால்வாசி குறைத்துவிட்டோம்" என்று மேடையில் அறிவித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டே ஒன்றரை மடங்கு வரி வசூலிக்கலாம், அறிவிப்பில் ஒரு பொய்யும் இருக்காது. அதனால் கேட்க வேண்டியது மொத்தத் தொகையை: போன வருடம் ஊர் முழுக்கச் சேர்த்து எவ்வளவு சொத்து வரி கேட்டீர்கள், இந்த வருடம் எவ்வளவு, அதில் புதுக் கட்டடங்களால் வந்தது எவ்வளவு?

விகிதத்தைச் சட்டம் போட்டுக் கட்டிவிட்டால் தீர்ந்தது என்பவர்களுக்குக் கலிஃபோர்னியாவைக் காட்டலாம். 1978-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, அடிப்படை வரி சொத்து மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, சொத்து கைமாறும்வரை மதிப்பீடு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று முடிவு செய்தார்கள். இன்று அங்கே ஒரே தெருவில் ஒரே மாதிரி இரண்டு வீடுகளில், பல வருடமாக இருப்பவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு வரியை நேற்று வாங்கியவர் கட்டுகிறார்.

சரி, பட்ஜெட்டுக்கு வருவோம். பட்ஜெட் என்பது ஆசைப்பட்டியல்தான், நடந்தது என்ன என்பது ஆண்டுக் கணக்கில்தான் இருக்கும். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு, இந்த மூன்றையும் நாலைந்து வருடத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு வருடம் வரவு குறைவாகக் கணித்திருந்தால் அது முன்ஜாக்கிரதை. வருடாவருடம் வரவைக் குறைத்தும் செலவைக் கூட்டியும் போட்டு, மிஞ்சியதை ஏதோ ஒரு நிதியில் ஒதுக்கிவிட்டு, அடுத்த மார்ச்சிலோ டிசம்பரிலோ "பற்றாக்குறை" என்று வந்து நின்றால் அது பழக்கம். இதற்கு நேர்மாறானதும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் மோசம்: நிலத்தை விற்று ஒருமுறை வந்த பணத்தை மாதாமாதம் கொடுக்கவேண்டிய சம்பளத்துக்குப் போட்டுவிட்டு, இந்த வருடம் வரி ஏற்றவில்லை என்று பெருமை பேசுவது. அந்தச் சுமை அடுத்த மன்றத்தின் தலையில் விழும்.

அப்புறம் கேட்பு, வசூல், நிலுவை அட்டவணை, அதாவது கட்டச் சொன்ன வரி எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்ற பட்டியல். ஒழுங்காகக் கட்டுகிறவன்மீதே சுமை ஏறுகிறதா என்பது இங்கேதான் தெரியும். மொத்த நிலுவையைப் பார்த்து மட்டும் குதிக்காதீர்கள், நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்குகளும் இடிந்துபோன கட்டடங்களும்கூட அதில் இருக்கும். பெரிய தொகைகளை மட்டும், எத்தனை வருடப் பாக்கி என்று பிரித்துக் கேளுங்கள்.

தணிக்கை அறிக்கை சுத்தமாக இருக்கிறதே, இனி என்ன என்று விட்டுவிடவும் வேண்டாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று ஏறக்குறைய 15,000 பேர் வாழும் சிறு நகரம். அதன் கணக்கு அதிகாரி ரீட்டா கிரண்ட்வெல் 1990 முதல் 2012 வரை 5 கோடி டாலருக்கு மேல் சுருட்டினார். ஆர்.எஸ்.சி.டி.ஏ. என்று ஒரு வங்கிக் கணக்கு, பெயரைப் பார்த்தால் கழிவுநீர்த் திட்டத்துக்கான சேமிப்பு போல இருக்கும், பணம் போனது அவர் கண்காட்சிப் போட்டிகளுக்காக வளர்த்த குதிரைகளுக்கும் சொகுசுக்கும். மாநில அரசு அனுப்பியது போலவே போலி பில்கள். சாலை போடக் காசில்லை என்று கேட்டால், மாநில அரசு பணம் தரத் தாமதிக்கிறது என்பார். வருடாவருடம் வெளித் தணிக்கையும் நடந்தது, யாருக்கும் தெரியவில்லை. 2011-ல் அவர் நீண்ட விடுப்பில் போனபோது பொறுப்பிலிருந்த ஊழியர் வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் அறிக்கையையும் கேட்டு வாங்கினார், அதில் இந்தக் கணக்கும் வந்து சேர்ந்தது. 2013-ல் ஏறக்குறைய 20 வருடச் சிறைத்தண்டனை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட கேள்விகள்: உள்ளாட்சியின் பெயரில் மொத்தம் எத்தனை வங்கிக் கணக்குகள், ஒவ்வொன்றையும் திறக்கச் சொன்ன தீர்மானம் எங்கே? காசோலையில் கையெழுத்துப் போடுபவரும், பேரேடு எழுதுபவரும், வங்கி அறிக்கையைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளா? ஒரே ஆள் என்றால், அவர் தங்கமானவராகவே இருந்தாலும் விடாதீர்கள்.

திருட்டு அபூர்வம்தான். பெரும்பாலும் வயிற்றெரிச்சல் தருவது, தீர்மானம் போட்டுச் செய்கிற வேலை. கலிஃபோர்னியாவின் பெல் நகரத்தில் நிர்வாகியின் சம்பளம் வருடத்துக்கு 8 லட்சம் டாலரை நெருங்கியது 2010-ல்தான் வெளியே வந்தது. மன்ற உறுப்பினர்களின் சம்பள வரம்பைத் தளர்த்த வழிசெய்த 2005 வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை.

கேட்கும்போது "ஏன் இவ்வளவு செலவு" என்று கேட்காதீர்கள், பதிலாக ஒரு சொற்பொழிவு கிடைக்கும். பக்க எண், தலைப்பு, இரண்டு வருடத் தொகை மூன்றையும் குறிப்பிட்டு, வித்தியாசத்துக்கான பில்லையும் தீர்மானத்தையும் எழுத்துமூலம் கேளுங்கள். அதையும் பட்ஜெட் நிறைவேறுவதற்கு முன் கேளுங்கள், நிறைவேறிய பிறகு எல்லாரும் உங்களிடம் ரொம்ப மரியாதையாகத்தான் பேசுவார்கள்.